பட்டம் பெறாத 'பட்டதாரி'

பிள்ளைகள் கேட்பது விளையாட்டுப் பொருள். பெற்றோர் வாங்கித்தர விரும்புவது கல்விக்கு உதவும் பொருள். இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கித் தருவதாக ஒரு வியாபாரி சொன்னால் வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் மயங்காத குடும்பம் உண்டோ? அமெரிக்கக் குடும்பங்களும் அவ்வாறே மயங்கின.

1977ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் கருவியொன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் அப்பிள் 2 என்னும் வீட்டுக் கணினியும் வந்தது. இரண்டுக்கும் மூளையாக அமைந்த சில்லுகள் உடன்பிறப்புகளே. அவ்வாறாயின் முன்னது ஏன் கணினியாகவில்லை? எழுத விசைப்பலகை இல்லை. எழுதியதைச் சேமிக்க வழியில்லை. நினைவகமோ 128 பைற் மட்டுமே. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற் வேண்டும். ஆகவே, ஒரு சிறு பந்திக்கும் அவ்விடம் போதாது.

இக்குறையை நீக்கவென 1983இல் அட்டாரி அறிவித்த இணைப்புக்குக் 'கிராஜுவேற்', அதாவது 'பட்டதாரி', என்று பெயர். விசைப்பலகை, 8 கிலோபைற் நினைவகம், மாணவர் நிரலெழுதப் பழகும் 'பேசிக்' மொழி யாவும் அதிலே அமையும் என்றனர். ஆனால் அது கடைக்கு வரவேயில்லை. பட்டதாரி பட்டமளிப்பு மண்டபத்தின் படியேறவில்லை!

மட்டெல் நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய அதே 1979இல், அந்நிறுவனம் 'இன்ரெலிவிஷன்' என்னும் விளையாட்டுக் கருவியைப் பரீட்சார்த்தமாக விற்றது. பின்னர் வரும் விசைப்பலகையைப் பொருத்தினால் அது முழுக் கணினியாகும் என்பது வாக்குறுதி. அதை நம்பி வாங்கியோர் காத்திருந்தனர்; முறைப்பாடுகள் குவிந்தன; 1982இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு தலையிட நேர்ந்தது. அவ்விணைப்பில் ஏறக்குறைய 4,000 மட்டுமே உருவாயின. உற்பத்திச் செலவு மிகுந்திருந்தது. அதற்கிடையில் தனிக் கணினிகளின் விலையும் வீழ்ந்துவிட்டது. 1983இல் எளிய மாற்று இணைப்பொன்றை விற்று மட்டெல் சமாளித்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. 'நாளை வரும்' என்பதற்காக இன்று பணம் கொடுத்தல் ஆகாது என்பதே பெற்றோர் இதிற் கொள்ளத்தக்க பாடம். மாணவருக்கோ வேறொரு பாடம் உண்டு. ஒரு கருவியைக் கணினியாக்குவது அதன் சில்லு மாத்திரமன்று. நாம் எழுதவும், எழுதியதைத் திருத்தவும், சேமிக்கவும் அது இடந்தருதல் வேண்டும். இன்று கையிலுள்ள தொலைபேசிக்கும் இதுவே உரைகல். அதில் விளையாடுவதோடு நின்றுவிட்டால் அது விளையாட்டுக் கருவியே. ஒரு சிறு நிரலையேனும் எழுதிப் பார்த்தால், அன்றே அது கணினியாகிவிடும்.