வேங்கைச் சாறும் செம்மண்ணும்

மசினகுடிக் காட்டுவழியே செல்வோர் யானையைக் கண்டு மகிழ்வர். வேங்கை மரத்தை நின்று நோக்குவார் மிகச் சிலரே. அதன் பட்டையைக் கீறினால் குருதி போன்ற செஞ்சாறு கசியும். காற்றுப் பட்டதும் பழுப்பாகிக் கருத்து இறுகும். நீலகிரியின் ஆலு குறும்பர்கள் ஓவியத்திற்குக் கையாளும் வண்ணங்களுள் இது தலையாயது. செம்மண் சிவப்பையும், வெண்களிமண் வெண்மையையும், கரி கருமையையும், காட்டவரை இலை பச்சையையும் தரும். கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை!

கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பை ஓவியர் கிருஷ்ணன் இவ்வண்ணங்களால் தாளிலும் துணியிலும் தம் மக்களின் வாழ்வைத் தீட்டினார். செங்குத்தான பாறையில் கொடியேணி கட்டித் தேனெடுப்பது குறும்பர் ஓவியங்களில் அடிக்கடி வரும் காட்சி. சில கோடுகளிலேயே மனிதன் உருப்பெற்று விடுவான். அவ்வூரை அடுத்த எழுத்துப்பாறையின் தொல்லோவியங்களைத் தம் முன்னோர் எழுதியவை என்று இம்மக்கள் கூறுவர்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலும் இத்தகைய கலை உண்டு. இலைச்சாற்றில் தோய்த்த துணிமீது சேற்றால் சித்திரம் எழுதுவர். சேற்றிலுள்ள இரும்பு இலையின் துவர்ப்புப் பொருளோடு கூடிக் கருமையாகும். வேங்கைச் சாற்றிலும் அத்துவர்ப்பு மிகுதி என்பதை வேதியியல் பயிலும் மாணவர் கருதுக.

குறும்பர் ஓவியம் முன்பு தாளுக்குரியதன்று. விழாக் காலங்களில் கோயிற் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டது. மண்சுவர் மறைந்து சிமெண்டுச் சுவர் வந்தபின் எழுதுமிடம் குறைந்தது. தாள் அக்கலையைக் காத்தது. விற்றுப் பொருளீட்டவும் வழி செய்தது. ஆயினும், சாறெடுக்கக் காடு வேண்டும். மரம் பட்டுப்போகாமல் எவ்வளவு கீறலாம் என்றறிந்த கையும் வேண்டும். அது தாளில் எழுதிக் கற்பிக்கக் கூடியதன்று; மூத்தவரோடு காட்டினுள் நடந்தே இளையோர் அதனைக் கற்றாக வேண்டும்.