ஊருக்கு ஒரு விலை

சென்னை மாநகரின் வடபால், திருவொற்றியூரை அடுத்துக் கடலோரமாக அமைந்த ஊர் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றி இவ்வூரை அமைத்தார். காலெட் பேட்டை என்னும் பெயரே மக்கள் நாவில் காலடிப்பேட்டை என்றாயிற்று. அன்று தறியொலி கேட்ட இவ்வட்டாரத்தில் இன்று எண்ணெய்த் தொழில் பெருகியுள்ளது. தெற்கே சென்னைத் துறைமுகத்தில் கப்பல்கள் கச்சா எண்ணெயை இறக்குகின்றன. அவ்வெண்ணெய் குழாய் வழியாக மணலிக்குச் செல்கிறது. அங்கே 1969-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை அதனைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரித்தெடுக்கிறது. பெட்ரோல் ஏற்றிய டாங்கர் லாரிகள் இப்பகுதியின் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன.

பொருள் விளையும் இடத்தில் அதன் விலை குறைவாயிருப்பதே உலக வழக்கம். மீன்பிடித் துறைமுகமாகிய காசிமேட்டில் வாங்கும் மீனைவிட உள்நாட்டு ஊரில் வாங்கும் மீனுக்கு விலை மிகுதி. ஆனால் பெட்ரோலின் செய்தி வேறு. 2024 மார்ச்சு 15-ஆம் நாள் ஒரு லிட்டர் பெட்ரோல் சென்னையில் 100 ரூபாய் 75 காசுக்கு விற்றது. அதே நாளில் தில்லியில் அதன் விலை 94 ரூபாய் 72 காசு. தில்லிக்கு அணித்தான மதுரா, பானிப்பத்து ஆலைகளுக்குக் கச்சா எண்ணெய் குஜராத்துக் கடற்கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாயில் செல்ல வேண்டும். கடலும் ஆலையும் அருகே அமைந்த சென்னையில் விலை ஏறியும், கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள தில்லியில் விலை இறங்கியும் இருந்ததன் காரணம் என்ன?

இதனை அறியப் பெட்ரோல் விலையின் உறுப்புகளை அறிதல் வேண்டும். முதலாவது, ஆலையை விட்டுப் புறப்படும்போது பெட்ரோலுக்குள்ள அடக்க விலை. இந்தியா தனக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் பிற நாடுகளிலிருந்து வாங்குவதால், இவ்விலை உலகச் சந்தையோடும் ரூபாயின் மதிப்போடும் ஏறி இறங்கும். இரண்டாவது, கொண்டு செல்லும் கூலி. மூன்றாவது, மத்திய அரசின் கலால் வரி. நான்காவது, பெட்ரோல் பங்க் நடத்துவோருக்குரிய கழிவு. ஐந்தாவது, மாநில அரசின் விற்பனை வரி.

இவற்றுள் அடக்க விலை நாடெங்கும் பெரிதும் வேறுபடுவதில்லை. கலால் வரி எல்லா ஊருக்கும் ஒன்றே. 2022 மே மாதத்தில் குறைக்கப்பட்டபின் அது லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக இருந்தது. கூலி ஊருக்கு ஊர் மாறும். உதகமண்டலம் போன்ற மலையூர்களில் சென்னையைவிட விலை சற்று மிகுந்திருப்பது இதனாலேயே. ஆயினும் ஒரே வரியையுடைய ஒரு மாநிலத்திற்குள் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு ரூபாயைத் தாண்டுவதில்லை. மாநிலத்திற்கு மாநிலம் விலை பெரிதும் மாறுவதற்குக் காரணம் ஐந்தாவது உறுப்பாகிய விற்பனை வரியே.

2024 மார்ச்சில் தில்லியில் இவ்வரி நூற்றுக்கு 19.40 பங்கு. தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 13 பங்கும், அதனோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வரியாக இருந்தன. ஒரு லிட்டரின் வரிக்கு முந்திய விலை 75 ரூபாய் எனக் கொள்வோமாயின், தில்லி முறைப்படி வரி 14 ரூபாய் 55 காசு; தமிழ்நாட்டு முறைப்படி 21 ரூபாய் 27 காசு. தொலைவு சேர்க்கும் சில காசுகளைவிட வரி சேர்க்கும் ரூபாய்களே மிகுதி என்பது இக்கணக்கால் விளங்கும்.

விலை குறையும்போதும் இவ்வேறுபாடு தோன்றும். மேற்கூறிய மார்ச்சு 15-ஆம் நாளில் நாடெங்கும் விலை குறைக்கப்பட்டது. தில்லியில் 2 ரூபாயும், மும்பையில் 2 ரூபாய் 10 காசும் குறைந்தன. சென்னையில் 1 ரூபாய் 88 காசே குறைந்தது. அடக்க விலையில் குறைந்தது எங்கும் ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசுதான். விழுக்காட்டு வரி மிகுந்த ஊரில் அதனோடு வரியும் மிகுதியாகக் குறைந்தது. ரூபாய்க் கணக்கில் நிலையாக விதிக்கப்பட்ட வரியோ விலை ஏறினும் இறங்கினும் மாறுவதில்லை.

ஒரே பெட்ரோலுக்கு இரண்டு அரசுகள் வரி விதிப்பது முறையா என்னும் வினா பழமையானது. 1938-இல் மத்திய மாகாணமும் பேராரும் சேர்ந்த ஆட்சி பெட்ரோல் விற்பனைக்கு வரி விதித்தபோது மத்திய அரசு மறுப்புரைத்தது. அவ்வழக்கே அந்நாளைய கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த முதல் வழக்கு. பொருளை ஆக்குமிடத்தில் விதிப்பது கலால் வரி, அது மத்திய அரசுக்குரியது. விற்குமிடத்தில் விதிப்பது விற்பனை வரி, அது மாகாணத்திற்குரியது என்று அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. மறு ஆண்டே, 1939-இல், சென்னை மாகாணமும் பெட்ரோல் விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோதும் பெட்ரோல் அதனுள் சேர்க்கப்படவில்லை. ஆதலின் மாநிலத்திற்கொரு வரி என்னும் நிலை தொடர்ந்தது.

விலையை உறுதி செய்வது யார் என்பதும் காலந்தோறும் மாறியது. நெடுங்காலம் மத்திய அரசே விலையை வரையறுத்து வந்தது. 2002 ஏப்ரலில் அம்முறை சட்டப்படி முடிவுற்றபோதும் அரசின் கை முற்றிலும் விலகவில்லை. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீசலுக்கும் விலை வைக்கும் உரிமை எண்ணெய் நிறுவனங்களுக்கு விடப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை நாடெங்கும் வந்தது. ஆயினும் 2022 மே முதல் 2024 மார்ச்சு வரை, உலகச் சந்தை ஏறியிறங்கியும், சென்னையின் விலை ஏறக்குறைய அசையாமல் நின்றது. உரிமை நிறுவனங்களுடையதாயினும், அவற்றுள் பெரியவை அரசுடைமை நிறுவனங்கள் என்பதை மறத்தலாகாது.

வரியைக் குறைத்தலே நன்றென எளிதிற் கூறிவிட இயலாது. பள்ளியும் மருத்துவமனையும் நடத்த மாநிலத்திற்குப் பொருள் வேண்டும். தன் விருப்பப்படி உயர்த்தவும் தாழ்த்தவும் மாநிலத்திற்கு எஞ்சியுள்ள வரிகள் மிகச் சில. மேலும், 2022-இல் அமைந்த 19 ரூபாய் 90 காசுக் கலால் வரியில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி 1 ரூபாய் 40 காசே. எஞ்சியவை மத்திய அரசுக்கே உரிய தனி வரிகள். மறுபுறம், இவ்வரி செல்வரையும் வறியவரையும் ஒன்றாகவே தாக்குகிறது. ஆட்டோ ஓட்டி நாட்கூலி ஈட்டுபவரும், மகிழ்வுந்தில் உலவுபவரும் ஒரு லிட்டருக்குச் செலுத்துவது ஒரே வரி. வண்டியே இல்லாதவரும் லாரியில் வரும் காய்கறியின் விலை வழியே எரிபொருளின் வரியைச் சுமக்கின்றனர். இதனை உணர்ந்தே தமிழ்நாட்டரசு மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரியின்றி அளவோடு டீசல் வழங்கும் முறையைக் கைக்கொண்டது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததும் இவ்வெண்ணத்தின் பாற்பட்டதே.

ஆலையின் புகைபோக்கி காலடிப்பேட்டைக்கு அண்மையில் இருக்கலாம். ஆனால் விலையில் ஒரு கணிசமான பங்கு புதுதில்லியிலும் சென்னைக் கோட்டையிலும் கூடும் மன்றங்களில் உறுதியாகிறது. அம்மன்றங்களுக்கு உறுப்பினரை அனுப்புவோர் மக்களே. விலைப்பலகையில் காணும் எண்ணில் எத்துணைப் பங்கு எண்ணெய்க்கு, எத்துணைப் பங்கு அரசுகளுக்கு எனப் பிரித்தறிந்த குடிமகனே, அப்பொருள் எவ்வழியிற் செலவாகிறதென்று முறையாகக் கேட்கவும் வல்லவனாவான்.