பி.எச். மீட்டரின் மின்முனையைச் சுத்தம் செய்தலும் பராமரித்தலும்

குடிநீரில் கலக்கப்படும் குளோரின் எவ்வளவு விரைவாகக் கிருமிகளை அழிக்கும் என்பது நீரின் பி.எச். மதிப்பைப் பெரிதும் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 உள்ள நீரில் எஞ்சியுள்ள குளோரினின் ஏறத்தாழ முக்கால் பங்கு, வீரியம் மிக்க ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். பி.எச். 8 ஆனால் அது கால் பங்காகக் குறைந்துவிடும். எனவே 8 உள்ள நீரை 7.5 எனக் காட்டும் மீட்டர் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. இவ்விரு மதிப்புகளும் இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் 6.5 முதல் 8.5 வரையிலான எல்லைக்குள்ளேயே உள்ளதால், அறிக்கையைப் படிப்பவருக்கு ஐயமும் எழாது. பழுதடைந்த மின்முனையும் ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டவே செய்யும்.

மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் மூழ்கவைத்து வைப்பது பல ஆய்வகங்களில் காணப்படும் தவறான பழக்கம். கண்ணாடிக் குமிழின் மேற்பரப்பில் நீர் ஊறிய மெல்லிய படலம் ஒன்று உள்ளது. மின்முனை செயல்படுவது அதனால்தான். குமிழ் உலர்ந்தால் அளவீடு மந்தமாகும். தூய நீரில் வைத்தாலோ, உள்ளிருக்கும் உப்புக் கரைசல் மெல்ல வெளியேறி நீர்த்துப்போகும். ஆகவே தயாரிப்பாளர் தரும் சேமிப்புக் கரைசலிலோ, அது இல்லாதபோது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலிலோ வையுங்கள். மூடியைச் சுற்றிப் படியும் வெண்ணிறத் துகள்கள் பழுதின் அடையாளம் அல்ல. அவை வெறும் உப்பே, நீரில் கழுவினால் போதும்.

ஒவ்வொரு மாதிரிக்குப் பின்பும் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரால் அலசி, மென்மையான தாளால் ஒற்றியெடுங்கள். தேய்த்துத் துடைத்தால் நிலைமின்னூட்டம் உண்டாகி அளவீடு தடுமாறும்; கண்ணாடியும் கீறப்படலாம்.

ஆழ்ந்த சுத்தம் அழுக்கின் தன்மைக்கேற்ப அமைய வேண்டும். கடின நீரைச் சோதிக்கும் ஆய்வகங்களில் சுண்ணப் படிவே மிகுதி, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 15 நிமிடம் வைத்தால் அது கரையும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். எண்ணெய்ப் பசைக்கு மிதமான சோப்புக் கரைசல் போதும். புரதப் படிவுக்குப் பெப்சின் கலந்த நீர்த்த அமிலம் தேவை. எதைப் பயன்படுத்தினாலும், பின்னர் நன்கு அலசி, சேமிப்புக் கரைசலில் ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, மீண்டும் அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

குடிநீருக்கு 7, 10 ஆகிய இரு தாங்கல் கரைசல்கள் பொதுவாகப் பொருந்தும். பயன்படுத்திய கரைசலைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். பி.எச். 10 கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சித் தன் மதிப்பை இழக்கும் என்பதால், அதை நீண்ட நேரம் திறந்தும் வைக்காதீர்கள்.

அளவுத்திருத்தத்தின் முடிவில் மீட்டர் காட்டும் சாய்வு சதவீதத்தை அன்றன்றே பதிவேட்டில் எழுதுங்கள். 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பதே 100 சதவீதம். இது 95-க்குக் கீழே இறங்கினால் மின்முனையைச் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்த பின்பும் 90-ஐ எட்டாவிட்டால் அதை மாற்ற வேண்டிவரும். ஆனால் அதற்கு முன், புதிய தாங்கல் கரைசலைக் கொண்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பழுது மின்முனையில் இல்லாமல், பழைய கரைசலிலும் இருக்கலாம்.