இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

காசநோய்ச் சிகிச்சையில் இரண்டு மாதம் முடித்து எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நல்ல செய்தியோடுதான் வருகிறார்கள். காய்ச்சல் விட்டிருக்கும், இருமல் நின்றிருக்கும், பசி திரும்பியிருக்கும், சளிப் பரிசோதனையிலும் கிருமி தென்பட்டிராது. அப்படி வந்த ஒருவரின் மனைவி, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள் டாக்டர். இந்த மாத்திரை போட்டால் அவருக்குக் காலையில் வயிற்றைப் புரட்டுகிறது. இன்னும் நாலு மாதம் எதற்கு?"

"நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்" என்பதே இதற்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அது உண்மைதான்; ஆனால் அது எச்சரிக்கையே தவிர விளக்கம் அன்று. ஆறு மாதம் மாத்திரை விழுங்கும் ஒருவருக்கு விளக்கம் கேட்க முழு உரிமை உண்டு.

ஒருவருடைய நுரையீரலில் உள்ள காசநோய்க் கிருமிகள் பெரும்பாலும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவை அனைத்தும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே மரபணுக்களைக் கொண்ட செல்களும் தமக்குள் வேறுபடுகின்றன. சிகிச்சையின் கால அளவைப் பெரிதும் நிர்ணயிப்பது இந்த வேறுபாடே.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் அயர்லாந்து நாட்டு மருத்துவர் ஜோசப் பிக்கர். பெனிசிலின் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த 1944-இல், சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளின் மேல் அவர் அந்த மருந்தைச் செலுத்திப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் மடிந்தன. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் சில தப்பின. அவை மருந்தை வெல்லும் புதிய வம்சமோ என்று அறிய, தப்பியவற்றை வளர்த்துப் பெருக்கி மீண்டும் பெனிசிலின் கொடுத்தார். பிள்ளைக் கிருமிகள் முன்போலவே மடிந்தன. மீண்டும் ஒரு சிலவே எஞ்சின. அப்படியானால் தப்பியவற்றிடம் பரம்பரை வலிமை எதுவும் இல்லை. பெருகும் கிருமியைத்தான் பெனிசிலின் கொல்லும். மருந்து வந்த நேரத்தில் இவை பெருகாமல் சும்மா கிடந்தன, அவ்வளவே. பிக்கர் அவற்றுக்குப் 'பெர்சிஸ்டர்' என்று பெயரிட்டார். 'விடாமல் நிலைப்பது' என்று பொருள் கொள்ளலாம்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2004-இல், நதாலி பலாபான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குடல்வாழ் கிருமியான ஈ.கோலையை நுண்ணிய பள்ளங்களில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே உருப்பெருக்கியில் கண்காணித்தனர். தப்பிப் பிழைத்த செல்கள், மருந்து வருவதற்கு முன்பே வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டவையாக இருந்தன. மருந்துக்கு அஞ்சி அவை ஒளிந்துகொள்ளவில்லை. ஒரு செல்லுக்குள் சில புரதங்கள் மிகச் சொற்ப எண்ணிக்கையிலேயே இருக்கும். அந்த எண்ணிக்கை தற்செயலாகச் சற்று ஏறி இறங்கினாலே ஒன்று விழித்திருக்கும், அதன் உடன்பிறப்பு உறங்கிவிடும்.

வயலில் கோரை எடுத்தவர்களுக்கு இது புதிதாக இராது. மேலே உள்ள புல்லை எல்லாம் பறித்துவிட்டால் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குகளோ ஒரே நாளில் முளைப்பதில்லை. சில இன்று முளைக்கும். சில அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

காசநோய்க் கிருமி இந்த வகையில் இன்னும் சிக்கலானது. ஈ.கோலை சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும். அதன் இனத்தைச் சேர்ந்த கிருமிகள் இரண்டாகப் பிரியும்போது சரிசமமாகப் பிரிவதில்லை என்பதை 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினர். ஒரு பிள்ளை வேகமாக வளரும், மற்றொன்று மெதுவாக. மருந்துகளுக்கு இரண்டும் ஒரே விதமாக மடிவதும் இல்லை. இதனோடு வசிக்கும் இடமும் சேர்ந்துகொள்கிறது. நுரையீரல் குழியின் ஓரத்தில் காற்று கிடைப்பதால் அங்குள்ளவை விரைந்து பெருகும். நம் வெள்ளணுக்களுக்குள் சிக்கியவை அமிலச் சூழலில் மந்தமாக இருக்கும். செத்த திசுவுக்குள் புதைந்தவை ஏறத்தாழ உறக்கத்தில் கிடக்கும்.

ஒரே மாத்திரைக்குள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஐசோனியாசிட், பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்தை முதல் சில நாள்களிலேயே பெருமளவு அழிக்கிறது. பைரசினமைட் அமிலச் சூழலில் கிடப்பவற்றைத் தாக்குகிறது. ரிஃபாம்பிசின், உறக்கத்திலிருந்து சிறிது நேரம் கண்விழிக்கும் கிருமியையும் பிடித்துவிடுவதாகக் கருதப்படுகிறது. அந்தக் கண்விழிப்பு எந்த நாளில் நேரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்தான் மருந்து தினமும் உடலில் இருக்க வேண்டியிருக்கிறது. எதாம்புட்டால் மருந்து எதிர்ப்பு தோன்றாமல் காவல் காக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டு மருந்து உண்டார்கள். ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்த பிறகே அது ஆறு மாதமாகச் சுருங்கியது.

இன்னும் சுருக்க முடியாதா? மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் சேர்த்து நான்கு மாதத்தில் முடிக்க முயன்ற பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. சளி விரைவாகவே தெளிந்தது. ஆனால் சிகிச்சையை நிறுத்திய பின், ஆறு மாதம் மருந்து உண்டவர்களைவிட அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. சளி தெளிவது வேறு, உறங்கும் கிருமிகள் தீர்வது வேறு என்பதை எங்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு இல்லை. ரிஃபாபென்டினையும் மாக்ஸிஃப்ளாக்சசினையும் சேர்த்த மற்றொரு நான்கு மாத முறை, ஆறு மாதச் சிகிச்சைக்கு இணையானது என்று 2021-இல் நிறுவப்பட்டது. ஆகவே கால அளவு குறையக்கூடியதுதான். ஆனால் அதைக் குறைக்க வேண்டியது மருந்தே ஒழிய, உடல் தேறிவிட்டது என்ற நம் உணர்வு அன்று.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். உறங்கும் கிருமியும் மருந்து எதிர்ப்புக் கிருமியும் வேறு வேறு. உறங்குவது விழித்தால் அதே மருந்துக்கு மடியும். எதிர்ப்புக் கிருமியின் மரபணுவே மாறியிருக்கும். அதன் சந்ததிக்கும் அந்த மருந்து பலிக்காது. மருந்தை விட்டு விட்டு உண்ணும்போது, எஞ்சியவை மீண்டும் பெருகுகின்றன. பெருகும் ஒவ்வொரு முறையும் அத்தகைய மாற்றம் தோன்ற வாய்ப்பு உண்டாகிறது.

அந்த அம்மாவின் கேள்வியில் இன்னொரு பாதியும் இருந்தது: வயிற்றுப் புரட்டல். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மாத்திரை உண்ணும் வேளையை மாற்றினோம். குமட்டலுக்கு மருந்து கொடுத்தோம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினால். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வாருங்கள். ஒரு நாள் மாத்திரை தவறினால் மறுநாள் இரண்டு மடங்காக உண்ண வேண்டாம். பல நாள் தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம்.

சிகிச்சை முடிந்த பின் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் உங்களை மீண்டும் வரச் சொல்வதும் இதே காரணத்தால்தான். இருமல் இருந்தால் அன்று சளியையும் பரிசோதிப்போம். அந்த நான்கு தேதிகளையும் உங்கள் சிகிச்சை அட்டையின் பின்புறம் எழுதித் தருமாறு செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.