தோற்றுத் திரும்பும் கோச்சுக்கு அவகாசம் கொடுங்கள்

டிசம்பரில் அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். போர்ட் பிளேர் என்றே இன்னும் பலர் வாயில் வரும் அந்த ஊர் கொல்கத்தாவுக்கும் கிழக்கே இருக்கிறது. ஆனாலும் கடிகாரம் மெயின்லேண்ட் கடிகாரம்தான். வகுப்பு முடிந்து, ஷூ மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அரை மணி வெளிச்சம் மிஞ்சினால் பெரிது. மே மாதம் தொடங்கினால் வருடக் கடைசி வரை இரண்டு பருவமழையும் வந்துபோகும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கூரையில்லாத சிமென்ட் தரையில் தண்ணீர் நின்றால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

இப்படித் தயாராகும் கல்லூரிக் கூடைப்பந்து அணி தோற்றுத் திரும்பும்போது, 'கோச்சை மாத்துங்க' என்ற குரல்தான் முதலில் எழுகிறது. அந்தக் குரல் அநியாயமானது.

அந்தமானின் மூத்த கல்லூரியான ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அதாவது, பல்கலைக்கழக அளவில் ஓர் ஆட்டம் ஆட வேண்டுமானால் கடல் தாண்ட வேண்டும். சென்னைக்குச் சுமார் 1,350 கி.மீ.; கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். எதிரே நிற்கும் அணிகளோ பஸ் ஏறினால் போட்டிக்குப் போய்விடக் கூடியவை. கூடைப்பந்தில் பெரும்பகுதி ஆட்டத்தில்தான் கற்க முடிகிறது. எதிரணி கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிக்கும்போது பந்தை யாரிடம் தள்ளுவது, கடைசி இரண்டு நிமிடத்தில் நான்கு புள்ளி பின்தங்கினால் எப்போது ஃபவுல் செய்வது என்பதெல்லாம், அதே பன்னிரண்டு பேர் தினமும் இரண்டாகப் பிரிந்து ஆடினால் வராது. அந்தக் குறை பயிற்சியாளருடையதல்ல, தூரத்துடையது.

தோற்கும் கோச்சுக்கு அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, கல்லூரிக் கூடைப்பந்தைத் திருவிழாவாகக் கொண்டாடும் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மைக் ஷெஷெஃப்ஸ்கி 1980இல் டியூக் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் ராணுவக் கல்லூரி அணியோடு அவர் பெற்றது 9 வெற்றி, 17 தோல்வி. டியூக்கில் முதல் மூன்று பருவங்களைக் கூட்டினால் 38 வெற்றி, 47 தோல்வி. 1983 மார்ச்சில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று நொறுங்கியது அணி. முன்னாள் மாணவர்கள் அவரை அனுப்பிவிடச் சொல்லி நெருக்கினார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை. 1984 ஜனவரியில், அந்த நெருக்கடிக்கு நடுவிலேயே, ஒப்பந்தத்தை நீட்டித்தார். 1986இல் டியூக் இறுதி ஆட்டம் வரை போனது. 1991இல் முதல் தேசியப் பட்டம். 2022இல் ஓய்வு பெறும்போது அவர் கையில் ஐந்து பட்டங்கள், மொத்தம் 1,202 வெற்றிகள்.

இதில் என்னை அதிகம் தொடுவது பட்டங்கள் அல்ல. 1983இல் அடிவாங்கிய அந்த அணியில் ஜானி டாக்கின்ஸ், ஜே பிலாஸ் போன்றவர்கள் முதலாண்டு மாணவர்கள். மூன்று வருடம் கழித்து இறுதி ஆட்டத்தில் நின்றவர்களும் அவர்கள்தான். கோச்சை அன்றே அனுப்பியிருந்தால், அவரை நம்பி வந்த பிள்ளைகளும் பாதியில் தவித்து நின்றிருப்பார்கள்.

டியூக்கின் பணமும் வசதியும் தீவுக்கு வராது, தெரியும். ஆனால் தீவுப் பிள்ளைகளுக்குத் திறமை போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய நிகோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்ட், 2015இல் 500 மீட்டர் டைம் ட்ரயல் சைக்கிள் ஓட்டத்தில் உலகத் தரவரிசையின் நான்காம் இடத்துக்கு வந்தார். இன்னொரு தீவுப் பையன் எசோவ் ஆல்பன் 2018 ஜூனியர் உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் போட்டியில் வெள்ளி வென்றார். ஒரே பருவத்துப் பயிற்சியில் வந்ததல்ல இவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை அடிக்கிறவர், கேவலமாகப் பேசுகிறவர், மாணவிகளிடம் வரம்பு மீறுகிறவர் என்றால், அவர் எத்தனை கோப்பை வாங்கித் தந்தாலும் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. நான் பேசுவது நேரத்துக்கு வந்து, நேர்மையாகச் சொல்லிக்கொடுத்து, ஆனாலும் தோற்றுப்போகிற மனிதரைப் பற்றி.

அவரோடு நிற்பது என்றால் தோளில் தட்டிவிட்டுப் போவதல்ல. நிர்வாகம் அவரை உட்காரவைத்து, ஆட்டத்தின் எண்களைப் பார்க்க வேண்டும். முதல் பாதியில் எத்தனை புள்ளி பின்தங்கினார்கள், இரண்டாம் பாதியில் எத்தனை? பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார்கள்? ஜூனில் லே-அப் தெரியாமல் வந்த பையன் பிப்ரவரியில் இடது கையாலும் போடுகிறானா? பிறகு கோர்ட்டுக்கு நான்கு விளக்குக் கம்பங்கள் போடட்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பே கரை இறங்கும்படி டிக்கெட் எடுக்கட்டும். வந்த கையோடு உள்ளூர் அணிகளோடு இரண்டு நட்பு ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்யட்டும். இதையெல்லாம் செய்து மூன்று வருடம் போன பிறகு, கோச் சாரைக் கேள்வி கேட்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.