பழைய டிரான்சிஸ்டர் கரகரப்பது ஏன்?

புனேயில் புதன், ஞாயிறு கிழமைகளில் ஜூனா பஜார் கூடுகிறது. அங்கே பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் இரும்புச் சாமான்களோடு சேர்ந்து கிடக்கின்றன. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, தேகு ரோடு ராணுவக் கிடங்கு என்று வேலை தேடி வந்த தமிழர்களுக்கு ஒரு காலத்தில் ஊர்க் குரலைக் கொண்டு வந்த பெட்டிகள் இவை. “கரகரவென்கிறது, காதில் விழவில்லை” என்று பலரும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், எல்லாக் கரகரப்பும் ரேடியோவின் கோளாறு அல்ல.

இரவில் வந்த சென்னை

பகலில் 792 கிலோ ஹெர்ட்ஸில் புனே வானொலி தெளிவாகக் கேட்கும். 720 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்பிய சென்னை ‘ஏ’ நிலையத்தைப் பிடிக்க, இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் நேரத்தில் வானத்தின் கீழ் மின்னடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை, சுமார் 900 கிலோ மீட்டர் தாண்டி வந்து சேரும். பல வழியாக வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால்தான் குரல் ஏறி இறங்குகிறது.

பேச்சுக்கு ஏற்ற பெட்டி

1978 நவம்பரிலிருந்து மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி. இந்த நெருக்கடியில் ஒலியின் மேல் பகுதி வெட்டுப்படும். ஜால்ராவின் கிணுகிணுப்பு மங்கும். மனிதக் குரலுக்கு அவ்வளவாகக் குறை வராது. பழைய செட்டுகளில் ஸ்பீக்கர் பெரிது, பெட்டியும் கனம். அதனால்தான் செய்தி வாசிப்பவரின் குரல் கனமாக, இதமாக ஒலித்தது. இன்றைய சட்டைப்பை ரேடியோவில் அந்தக் கனம் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துப் பார்க்க வேண்டும். பாதி இரைச்சல் அவற்றால் வருவதுதான்.

பெட்டிக்குள் நீளவாக்கில் ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது. அதுவே மத்திய அலைக்கு ஏரியல். ரேடியோவின் முகம் நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தால் ஒலி கூடும். சென்னைக்குத் தென்கிழக்கு!

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே தூசி. சுத்தம் செய்தால் போதும். ஒலி மங்கி இழுத்தால், பெரும்பாலும் கண்டென்சர் காய்ந்திருக்கும். சில ரூபாய்ச் சாமான்தான். புதவார் பேட்டை தப்கீர் கல்லியில் கிடைக்கும். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். அவை கசிந்தே பல செட்டுகள் பாழாயின.

ஆகாசவாணி அண்மை ஆண்டுகளில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றை மூடியிருக்கிறது. மிச்சமிருக்கும் நிலையங்கள் எத்தனை காலமோ! அப்பா வாங்கிய ரேடியோ பரணில் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, மெல்ல முள்ளைத் திருப்பிப் பார்க்கலாம்.