உங்களுக்குத் தெரியுமா? பழைய தமிழ்க் கோப்புகள் ஏன் திறப்பதில்லை?
சிங்கப்பூரில் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995-லேயே தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. ஆனால் அக்காலத்தில் தமிழ் எழுதப் பயன்பட்ட விண்டோஸ் 3.1 மென்பொருள்கள் 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது. வீட்டு அலமாரியில் பழைய மென்பொருள் வட்டு பழுதாகாமல் இருந்தாலும் நிரலை நிறுவ முடியாது.

கோப்பைத் திறந்தாலும் சிக்கல் தீராது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘அ’ ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் இடத்தில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஒருவரின் பல்லாண்டு எழுத்து இப்படி முடங்குவது பெரிய இழப்பு. விண்டோஸ் 2000 முதல் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் கணினியிலேயே வருகிறது. எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றலாம். பழைய நிரலே தேவையென்றால், புதிய கணினிக்குள் பழைய விண்டோஸை மெய்நிகர் கணினியாக ஓட்டலாம்.